அலெக்சாந்திரியா, கி.பி. 38: மதவெறியா, வரிப் பதிவேடா?

நைல்வாசகன்:

கி.பி. 38 ஆகஸ்டில் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்டதைப் பற்றி யார் எழுதினாலும் மதவெறி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த நகரத்தில் கிரேக்கர்களும் யூதர்களும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். யூதர்கள் பேசியதும் எழுதியதும் கிரேக்கம். தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த இடம் என்று நகரை ஒட்டிய ஃபாரோஸ் தீவில் ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். அதற்கு யூதரல்லாதவர்களும் திரளாக வந்தார்கள் என்று அக்காலத் தத்துவ அறிஞர் ஃபைலோ எழுதுகிறார். அந்த ஃபைலோவே பிளேட்டோவைக் கரைத்துக் குடித்த அலெக்சாந்திரிய யூதர். நாடகமும் குத்துச்சண்டையும் பார்க்கப் போனவர்.

பிறகு ரோம் வந்தது. கி.மு. 30இல் ஆக்டேவியன் (பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ்) எகிப்தைப் பிடித்தார். அதற்கு முன் எகிப்தை ஆண்ட கிரேக்கத் தாலமி மன்னர்களின் வரிக்கணக்கில் யூதர்கள் கிரேக்கர்களோடு ஒரே வகையில் இருந்தவர்கள். ரோமானியர் புதிதாகத் தலைவரி போட்டு, அலெக்சாந்திரியக் குடிமக்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். நாட்டுப்புற எகிப்தியன் முழு வரி கட்ட வேண்டும். நடுவில் நின்ற யூதன் எந்தப் பக்கம்? கி.மு. 5 அல்லது 4ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மனு பாப்பிரஸில் (நாணல் தாளில்) கிடைத்திருக்கிறது. டிரைஃபோன் மகன் ஹெலனோஸ் என்பவர் ஆளுநருக்கு எழுதியது. தலைப்பில் முதலில் தன்னை "அலெக்சாந்திரியர்" என்று எழுதியிருக்கிறார். அது அடிக்கப்பட்டு, மேலே "அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த யூதர்" என்று திருத்தப்பட்டிருக்கிறது. மனுவின் விஷயமே தலைவரிதான். 38ஆம் ஆண்டின் தீ அந்த அடித்தலில்தான் தொடங்கியது என்பேன்.

எழில்நங்கை:

அழகாகச் சொல்கிறீர்கள், நைல்வாசகன். ஆனால் வரிக்கணக்குத் தகராறு என்றால் எதற்காகத் தொழுகைக்கூடங்களுக்குள் பேரரசன் காலிகுலாவின் சிலைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள்? நகரத்தின் மிகப் பெரிய யூதத் தொழுகைக்கூடத்தில், கிரேக்க இளைஞர்களின் பயிற்சிக்கூடமான ஜிம்னாசியத்தில் துருப்பிடித்துக் கிடந்த நான்கு குதிரைத் தேரை இழுத்து வந்து, அதன்மேல் சிலையை ஏற்றி நிறுத்தினார்கள். யூதப் பெண்களைப் பிடித்து வந்து பன்றி இறைச்சியைத் தின்னச் சொன்னார்கள். தின்னாதவர்களைச் சித்திரவதை செய்தார்கள். இவையும் நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் அதே ஃபைலோ எழுதியவைதான். எதிராளியின் வரிச்சலுகையைப் பறிக்க நினைப்பவன் அவன் வாயில் பன்றிக்கறியைத் திணிப்பதில்லை.

கலவரத்துக்கு முந்தைய நாட்களையும் பாருங்கள். யூத மன்னர் அக்ரிப்பா ரோமிலிருந்து ஊர் திரும்பும் வழியில் அலெக்சாந்திரியாவில் இறங்கினார். கூட்டத்தினர் கராபஸ் என்ற மனநிலை பிறழ்ந்த ஓர் ஏழையைப் பிடித்து, பாப்பிரஸ் இலையில் கிரீடம், பாயில் அங்கி, தட்டையில் செங்கோல் என்று வேடம் கட்டி, "மாரின், மாரின்" என்று கூவினார்கள். ஆண்டவரே என்பதற்கு அக்ரிப்பாவின் பக்கத்து மொழியான அரமேயத்தில் உள்ள சொல் அது. ஓர் இனத்தையே கேலி செய்யும் கூத்து.

பழைய தாசில்தார்:

வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு சிறு குறுக்கீடு. மனிதனுக்கு அவன் கும்பிடும் சாமி எவ்வளவு முக்கியமோ, அவன் பெயர் எந்தப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். எழில்நங்கை அம்மா ஃபைலோவை எடுத்ததால் நானும் அவரையே எடுக்கிறேன்.

யூத மூப்பர் அவையிலிருந்து 38 பேரை ஆளுநர் ஃபிளாக்கஸ் அரங்கத்துக்கு இழுத்து வந்து கசையடி கொடுத்தான். சிலர் அடியிலேயே செத்தார்கள். அந்த இடத்தில் ஃபைலோ நின்று ஒரு விவரம் சொல்கிறார். அந்த நகரத்தில் கசைகள் இரண்டு வகை. எகிப்தியருக்கு ஒரு வகை, அடிப்பவனும் வேறு. அலெக்சாந்திரியருக்கு வேறொரு வகை, அதை அடிப்பவனும் அலெக்சாந்திரியன். சாதாரண யூதன் தப்புச் செய்தாலும் இதுவரை அலெக்சாந்திரியக் கசையால்தான் அடிபட்டான். இப்போது அவையின் மூப்பர்களையே எகிப்தியக் கசையால் அடித்துவிட்டார்களே என்று குமுறுகிறார். ஆட்கள் சாகிறார்கள், அவர் கசையின் தரத்தைப் பற்றிப் பேசுகிறார்! சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த மனநிலை புரிகிறது. எங்களை எகிப்தியரோடு சேர்த்துவிட்டீர்களே என்பதுதான் உள்ளே எரிந்த தீ.

கரூர் குமரன்:

எல்லோரும் ஃபைலோ, ஃபைலோ என்கிறீர்கள். அவர் வழக்கின் ஒரு தரப்பு. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் அலெக்சாண்டர். எருசலேம் ஆலயத்தின் வாயில்களுக்குத் தங்கமும் வெள்ளியும் பூசக் கொடுத்த பெரும் பணக்காரர். இந்தக் குடும்பத்துக்குக் கசை வகை முக்கியமாக இருக்கலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய யூதனுக்கு? அவன் கட்டுரை எழுதவில்லை.

நைல்வாசகன்:

குமரன், ஹெலனோஸ் பணக்காரர் இல்லை. தன் தந்தையின் வசதிக்கு ஏற்ற அளவில் படிப்புக் கிடைத்தது என்றுதான் மனுவில் சொல்கிறார். தலைவரி அந்த மாதிரி ஆளைத்தான் அதிகம் வதைத்தது.

ஃபைலோ ஒருதலைப்பட்சம் என்றால் எதிர்த்தரப்பின் எழுத்தையே பாருங்கள். கிரேக்கத் தரப்பின் தலைவர் இசிடோரஸ் ரோமில் பேரரசர் முன்பு அக்ரிப்பாவைக் குற்றம்சாட்டும் காட்சி, அலெக்சாந்திரியர்கள் தங்கள் தியாகிகளைப் பற்றி எழுதி வைத்த பாப்பிரஸ்களில் இருக்கிறது. யூதர்கள் எங்களைப் போன்றவர்கள் அல்லர், எகிப்தியரைப் போல வாழ்பவர்கள், தலைவரி கட்டுபவர்களுக்குச் சமமானவர்கள் அல்லவா என்று கேட்கிறார் இசிடோரஸ். அக்ரிப்பாவின் பதில்: எகிப்தியருக்கு அவர்களை ஆண்டவர்கள் வரி விதித்தார்கள், யூதருக்கு யாரும் விதிக்கவில்லை. கற்பனை கலந்த எழுத்தாகவே இருக்கட்டும். எழுதியவன் கிரேக்கன், படித்தவன் கிரேக்கன். அவர்கள் மனதில் சண்டையின் மையம் என்னவாக இருந்தது என்று அதிலேயே தெரிகிறதே. பன்றிக்கறி எங்கே?

எழில்நங்கை:

பன்றிக்கறி எங்கே என்று கேட்கிறீர்களா? ரோமில், காலிகுலாவின் வாயில். கலவரத்துக்குப் பிறகு இரு தரப்பும் தூது போனார்கள். யூதர்களுக்கு ஃபைலோ தலைமை, எதிரணியில் அப்பியோன். காலிகுலா தோட்ட மாளிகையில் அறை அறையாக நடந்து, சாளரங்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே, தூதர்களைப் பின்னால் ஓடவிட்டான். திடீரென்று திரும்பி, நீங்கள் ஏன் பன்றி இறைச்சி தின்பதில்லை என்று கேட்டான். எதிரணியினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த அப்பியோன் யார்? யூதர்கள் எருசலேம் ஆலயத்தில் கழுதைத் தலையை வணங்குகிறார்கள், ஆண்டுதோறும் ஒரு கிரேக்கனைக் கொழுக்க வைத்துப் பலியிடுகிறார்கள் என்று கதை பரப்பியவர். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பிற்பாடு இவருக்கு மறுப்பாகவே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. இவருக்கும் முன்னோடி உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பூசாரி மனேதோ, தொழுநோயாளிகளின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி எகிப்தின் கோயில்களைப் பாழாக்கியவர்தான் மோசே என்று எழுதி வைத்தார். அப்போது எகிப்தில் ரோமும் இல்லை, தலைவரி விலக்கும் இல்லை. இன்னும் பின்னால் போகலாம். கி.மு. 410இல் நைல் நதியின் எலெஃபன்டைன் தீவில் க்னூம் கோயில் பூசாரிகள் அன்று எகிப்தை ஆண்ட பாரசீகரின் அதிகாரியைக் கையில் போட்டுக்கொண்டு யூதர்களின் ஆலயத்தை இடித்தார்கள். கிரேக்கர்கள் எகிப்தை ஆளத் தொடங்காத காலம். வரிப் பதிவேடு பழைய பகைக்குப் புது முகவரி கொடுத்தது, அவ்வளவுதான்.

கரூர் குமரன்:

அம்மா, அந்தத் தோட்டக் காட்சியில் அடுத்த வரியை விட்டுவிட்டீர்கள். பன்றிக்கறிக்குப் பிறகு காலிகுலா கேட்டது, உங்கள் குடியுரிமைக்கு என்ன ஆதாரம் சொல்கிறீர்கள் என்று. இவர்கள் வாயைத் திறந்ததும் பெரிய அறைக்கு ஓடிப்போய், சாளரத்துக்குக் கண்ணாடி போன்ற கல்லைப் பதிக்கச் சொன்னான். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வந்தவை. எலெஃபன்டைனில் இடித்தவர்கள் எகிப்தியப் பூசாரிகள். ஆட்டுக்கடாத் தலையுள்ள கடவுளின் பூசாரிகளுக்கு, பக்கத்திலேயே ஆடு பலியிடும் கோயில் பிடிக்காமல் போனதில் அதிசயம் இல்லை. அதையும் ஜிம்னாசியத்துக் கிரேக்க இளைஞர்களையும் ஒரே பகை என்று சொல்ல முடியாது.

பழைய தாசில்தார்:

இதுவரை யாரும் கிளாடியஸின் கடிதத்தைத் தொடவில்லையே. காலிகுலா 41 ஜனவரியில் கொல்லப்பட்டு, கிளாடியஸ் பேரரசரானதும் அலெக்சாந்திரியாவுக்கு எழுதியது. நவம்பர் 10ஆம் தேதி ஆளுநர் ஊரறிய வெளியிட்டார். அதன் பாப்பிரஸ் நகல் 1924இல் பதிப்பிக்கப்பட்டது. நாம் பேசும் விஷயத்தில் இதைவிட நேரடியான அரசு ஆவணம் இல்லை.

நடந்ததை யூதர்களுக்கு எதிரான போர் என்றே கிளாடியஸ் குறிப்பிடுகிறார். கிரேக்கர்களிடம், யூதர்களின் வழிபாட்டு முறைகளை அவமதிக்காதே, அகஸ்டஸ் காலத்தில் இருந்தபடி விட்டுவிடு என்கிறார். மத விஷயம் அதோடு முடிந்தது. யூதர்களுக்குத்தான் நீண்ட பட்டியல். முன்பு இருந்ததற்கு மேல் கேட்காதே. இரண்டு ஊர்க்காரர்கள் போல இரண்டு தூது அனுப்பாதே. ஜிம்னாசியப் போட்டிகளில் நுழையாதே. உன்னுடையதல்லாத நகரத்தில் கிடைக்கிற வளத்தை அனுபவி. சிரியாவிலிருந்தும் எகிப்தின் உள்நாட்டிலிருந்தும் யூதர்களைக் கூட்டி வராதே.

ஜிம்னாசியம் ஏன் வருகிறது? அங்கே பயிற்சி முடித்து இளைஞர் பட்டியலில் ஏறியவனுக்குத்தான் குடியுரிமை. அந்தப் பட்டியலில் யூதப் பிள்ளைகள் ஏறுவதைத் தடுக்கத்தான் இந்த வரி என்பது என் வாசிப்பு. இருபது பக்கத் தத்துவத்தைவிட ஒரு நிர்வாக உத்தரவு அதிகம் பேசும்.

எழில்நங்கை:

ஐயா, அதே கடிதத்தின் மிரட்டலையும் சேர்த்துப் படியுங்கள். கீழ்ப்படியாவிட்டால், உலகம் முழுவதற்கும் பொதுவான கொள்ளைநோயைப் பரப்புகிறவர்களாகக் கருதி உங்களைத் தண்டிப்பேன் என்கிறார். தொழுநோய், கொள்ளைநோய்: மனேதோவின் மை இன்னும் காயவில்லை. நிர்வாக உத்தரவுக்குள் இந்த மொழி எப்படி வந்தது?

மேலும் ஜோசிபஸ் எடுத்துக்காட்டும் கிளாடியஸ் ஆணை வேறு மாதிரி இருக்கிறது. அதில் யூதர்கள் அலெக்சாந்திரியர் என்றே அழைக்கப்படுகிறார்கள், தொடக்கம் முதல் சம உரிமை பெற்றவர்கள் என்று வருகிறது.

பழைய தாசில்தார்:

ஒன்று மணலிலிருந்து கிடைத்த நகல். மற்றொன்று கட்சிக்காரர் தன் வாதத்துக்குள் கொடுக்கும் நகல். எந்த அலுவலகத்திலும் எது செல்லும் என்று உங்களுக்கே தெரியும். ஜோசிபஸ் முழுவதும் புனைந்தார் என்று சொல்லவில்லை. மெருகேற்றியிருக்கிறார்.

நைல்வாசகன்:

கொள்ளைநோய் என்பது ரோமானிய அதிகாரி கலகக்காரர் யாரையும் திட்டும் சொல். அதில் மனேதோவைத் தேட வேண்டாம், எழில்நங்கை.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். 66இல் மீண்டும் கலவரம். இம்முறை ஆளுநர் யார்? ஃபைலோவின் சொந்த அண்ணன் தம்பி மகன் திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். முன்னோர் வழக்கத்தை விட்டுவிட்டு ரோமானிய அதிகாரியாக ஏறியவர். முதலில் ஊர்ப் பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசினார். எடுபடவில்லை. இரண்டு லீஜியன் படைகளை யூதப் பகுதிக்குள் அவிழ்த்துவிட்டார். 50,000 பிணங்கள் என்கிறார் ஜோசிபஸ்; எண்ணிக்கையை நான் நம்பவில்லை, கொடூரத்தை நம்புகிறேன். நான்கு ஆண்டு கழித்து எருசலேம் முற்றுகையில் ரோமானியத் தளபதி டைட்டஸுக்கு அடுத்த இடத்தில் இவர்தான் நின்றார். மதமே காரணம் என்றால் இந்த மனிதரை எங்கே வைப்பீர்கள்?

70இல் ஆலயம் எரிந்த பிறகு, யூதர்கள் அதற்குக் கட்டிவந்த காணிக்கையைப் பேரரசர் வெஸ்பாசியன் ரோமின் ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பினார். தலைக்கு இரண்டு திராக்மா. எகிப்தின் எட்ஃபூவில் கிடைத்த பானை ஓடுகளில் அந்த வரியின் ரசீதுகள் இருக்கின்றன. பெண்களும் கட்டினார்கள், சிறு பிள்ளைகளுக்கும் கட்டினார்கள். விலக்குக் கேட்டவனுக்குக் கிடைத்தது கூடுதல் வரி. 115இல் பேரரசர் டிராஜன் காலத்தில் சிரேன், எகிப்து, சைப்ரஸ் என்று யூதர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இதைவிட என்ன பின்னணி வேண்டும்?

எழில்நங்கை:

அந்தக் கிளர்ச்சியில் சிரேனில் யூதர்கள் இடித்தவை வரி அலுவலகங்கள் மட்டும் அல்ல. அப்பல்லோ கோயிலும் மற்ற கோயில்களும். இரு பக்கமும் தெய்வங்களின் மீது கை வைத்தார்கள். 117க்குள் ரோமானியப் படை அடக்கி முடித்தபோது, எகிப்தில் யூத சமூகம் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. அலெக்சாந்திரியாவின் பெரிய தொழுகைக்கூடத்தைப் பற்றி யூத சமய நூலான தால்முத் ஒரு நினைவை வைத்திருக்கிறது. பொற்கொல்லர், வெள்ளிக்கொல்லர், இரும்புக்கொல்லர், நெசவாளர் தனித்தனியாக அமர்ந்தார்களாம். கூடம் அவ்வளவு பெரிது, கடைசியில் இருப்பவர்களுக்குக் குரல் எட்டாது என்பதால் "ஆமென்" சொல்லும் நேரத்தில் துணியை அசைத்துக் காட்டுவார்களாம். குமரன் கேட்ட சாதாரண மனிதர்கள் இவர்கள்தான். வெளியூரிலிருந்து வரும் ஏழை நெசவாளி தன் தொழில்காரர்களோடு போய் உட்கார்ந்தால் பிழைப்புக்கு வழி கிடைக்கும்.

அவர்கள் அழிந்த பிறகும் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரத்தார், ஏறக்குறைய 200ஆம் ஆண்டில்கூட, யூதர்களை வென்ற நாளை ஆண்டுதோறும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எண்பது ஆண்டு கழித்து! போட்டியிடக் குடியுரிமையும் இல்லை, பங்குபோட வரிச்சலுகையும் இல்லை. ஆளே இல்லை. விழா மட்டும் நடக்கிறது. இதற்கு உங்கள் பதிவேட்டில் எந்தப் பத்தி, ஐயா?

பழைய தாசில்தார்:

பத்தி இருக்கிறது, அம்மா. அந்தச் செய்தி வரும் பாப்பிரஸ் என்ன என்று பாருங்கள். ஹோரியோன் என்ற செல்வந்தர் பேரரசர்கள் செவேரஸுக்கும் கராகல்லாவுக்கும் கொடுத்த மனு. கட்டாயப் பொதுச்சேவைச் சுமையால் நொடித்துப்போன கிராமங்களுக்கு ஒரு நிதி வைக்க அனுமதி கேட்கிறார். கூடவே ஜிம்னாசிய இளைஞர் போட்டிகளுக்கு ஒரு பரிசு நிதி. எங்கள் ஊர் உங்களுக்கு எவ்வளவு விசுவாசமானது என்று காட்டத்தான் யூதப் போரையும் அந்த விழாவையும் இழுக்கிறார். இங்கேயும் மனு, இங்கேயும் சுமை, இங்கேயும் ஜிம்னாசியம்.

எழில்நங்கை:

மனு போட்டவர் பேரரசரைக் குளிர்விக்க எத்தனையோ சொல்லியிருக்கலாம். கட்டிய வரியைச் சொல்லியிருக்கலாம், அனுப்பிய கோதுமையைச் சொல்லியிருக்கலாம். யூதர்களைக் கொன்ற போரைச் சொன்னார். அது எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கரூர் குமரன்:

பேரரசர்கள் சம்மதம் தெரிவித்த பதிலும் அந்த பாப்பிரஸிலேயே இருக்கிறது. நிதியை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்றும் சொன்னார்கள்.