வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்தவர்கள் எழுதுங்கள்: எங்கே மாட்டுப்பட்டீர்கள்?

கொக்குவில்காரன்:

பெரியம்மா வீடு பழைய கல்வீடு. முன் விறாந்தையில் ஃபைபர் கொம்பனி வைத்துவிட்டுப்போன பெட்டி. குசினிப் பக்கம் சிக்னல் எட்டாது என்று, அண்ணை கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த ரவுட்டர் பின் அறையில். நடுவில் ஒரு வயர். மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

அன்று மச்சாள் கச்சேரியில் கொடுக்க வேண்டிய படிவத்தை பிரிண்ட் எடுக்க வேண்டும். பிரிண்டர் முன்பெட்டியோடு, போன் பின்பெட்டியோடு. பிரிண்டர் எதுவும் இல்லை என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியம்மா பிரிண்டர் மூடியில் கையை வைத்துக்கொண்டு, "இஞ்சதானே தம்பி இருக்கு, பச்சை லைற்றும் எரியுது. பிறகேன் இல்லையெண்டு சொல்லுது?" என்று கேட்டா. மச்சாள் சந்தியில் இருக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்கு ஓடி எடுத்துக்கொண்டு போனா. வேலை எப்படியோ முடிந்தது. ஆனால் பெரியம்மாவின் கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது, ஏனென்றால் அது முழுக்க நியாயமான கேள்வி.

போன் பிரிண்டரைத் தேடும்போது தன் சொந்த வலைக்குள் மட்டும்தான் கூப்பிட்டுப் பார்க்கும். ரவுட்டரைத் தாண்டி அந்தக் கூப்பாடு போகாது. பின்பெட்டியோ தனக்கென்று தனி வலை போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே குடும்பம், இரண்டு வலை.

இதைத் தீர்க்கவென்றே, இணையத்தின் பொதுத் தரநிலைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப் அமைப்பு 2011இல் ஹோம்நெட் என்ற குழுவை அமைத்தது. 2014 ஒக்டோபரில் ஆர்.எஃப்.சி 7368இல் கொள்கைகளை எழுதினார்கள் (ஆர்.எஃப்.சி என்பது அவர்கள் எண் போட்டு வெளியிடும் ஆவணம்). 2016 ஏப்ரலில் எச்.என்.சி.பி என்ற நெறிமுறை, அதாவது வீட்டு ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதி, ஆர்.எஃப்.சி 7788 ஆக வெளிவந்தது. எந்தக் கொம்பனியின் ரவுட்டரை எதோடு செருகினாலும் அவை தாங்களே பேசி, எது வீட்டுக்குள், எது வெளியே என்று கண்டுபிடித்து, முகவரிகளைப் பிரித்துக்கொண்டு, கருவிகளின் பெயர்களையும் வலை தாண்டிப் பகிர்ந்துகொள்ளும். யாரும் இலவசமாக வாசிக்கலாம், எந்தக் கொம்பனியும் செய்து விற்கலாம். அப்படியென்றால் பெரியம்மா வீட்டில் அது ஏன் இல்லை? உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

சுன்னாகம் ரீச்சர்:

எனக்கு இது வகுப்பில் நடந்தது. ஏ.எல். இரசாயனவியல் பாஸ்ற் பேப்பரை பிள்ளைகள் போனில் திறக்க வேண்டும். மண்டபம் பெரிது என்று வயர் இழுக்க வந்தவர் புது ரவுட்டர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரே வாங்கில் அருகருகே இருந்த இரண்டு பிள்ளைகள்: ஒருத்திக்குப் பேப்பர் திறந்துவிட்டது, மற்றவளுக்கு வெள்ளைத் திரை. அவள் போனை அணைத்துப் போட்டாள், திறந்தது. உடனே முதல் பிள்ளைக்கு நின்றுவிட்டது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீல போர்ட்டில் செருக வேண்டிய வயரை மஞ்சள் போர்ட்டில் செருகியிருக்கிறார்களாம். அதனால் இரண்டு பெட்டியும் போட்டிக்கு முகவரி கொடுத்திருக்கின்றன. புதுப் பெட்டியிடம் வாங்கிய போன்களுக்கு வெளியே போக வழியில்லை. ஒரு துளை மாறியதற்காக ஒரு பிள்ளையின் பாடம் போக வேண்டுமா? எந்தத் துளை என்று பெட்டிக்கே தெரியக்கூடாதா?

நெட்வேர்க் அண்ணை:

ரீச்சர், கொக்குவில்காரன், இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: அக்சஸ் பொயின்ற் மோட். இரண்டாவது பெட்டி தனி வலை போடாமல், முதல் பெட்டியின் வலையையே வைஃபையில் பரப்பும். இதற்குப் புதிய நெறிமுறை ஒன்றும் தேவையில்லை.

சங்கானையில் ஒரு மரக்காலையில் இதே பிரச்சினை. முதலாளி கேற்றடியில் நின்று போனில் தன் கேற்றுக் கமராவைப் பார்க்க முயல்கிறார், படம் வரவில்லை. கமரா அவர் தலைக்கு மேலே. இரண்டாவது பெட்டியை அக்சஸ் பொயின்ற் ஆக்கினேன், வந்துவிட்டது.

செய்யும் விதம் இதுதான். இரண்டாவது பெட்டியில் டி.எச்.சி.பியை, அதாவது கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை, நிறுத்துங்கள். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இரண்டாவதுக்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த 2ஐ முதல் பெட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிடாமல், அது பங்கிடும் முகவரிகள் 192.168.1.100இலிருந்து தொடங்கும்படி வையுங்கள். பிறகு வயரை லான் (வீட்டுப் பக்க) போர்ட்டிலிருந்து லான் போர்ட்டுக்குக் கொடுங்கள், இரண்டாவது பெட்டியின் வான் (இணையப் பக்க) போர்ட் வெறுமையாகவே இருக்கட்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், சனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றைப் போடுங்கள். 3, 4 என்று நடுவில் போட்டால் பக்கத்து வீட்டோடும் இடிக்கும், உங்கள் மற்றப் பெட்டியோடும் இடிக்கும்.

வயரும் முக்கியம். செப்பு பூசிய அலுமினியக் கம்பியை மலிவு என்று வாங்கி முற்றத்துக்குக் குறுக்கே தொங்கவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் அந்த வயர் வழியாக இரண்டு பெட்டியும் சேர்ந்து போகும். சுவரோடு குழாய்க்குள் கொண்டுபோங்கள். ரவுட்டருக்கென்று 12 வோல்ற் சின்ன யூ.பி.எஸ் ஒன்றும் வாங்கி வையுங்கள், கரண்ட் போய் வரும்போது கூடுதலாக அடிபடுவது அடப்ரர்தான். பெட்டியை அலுமாரிக்குள்ளும் மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். இவ்வளவும் செய்தால் வருடக்கணக்கில் பிரச்சினை இல்லை.

பருத்தித்துறைப் பொடியன்:

அண்ணை, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நீங்கள் எழுதிய அவ்வளவையும் ஒரு வீட்டுக்காரர் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதானே இங்கே முறைப்பாடு? நீங்கள் மரக்காலைக்குப் போனதால் அவருக்குப் படம் வந்தது. நீங்கள் போகாத வீடுகளில்?

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டால் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பஸ் பிள்ளைகளின் போனும், வீட்டுக்காரரின் கமரா ரெக்கோடரும், வந்துபோகிற விருந்தாளியின் லப்டொப்பும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும். எச்.என்.சி.பியில் ஒரு போர்ட்டை 'விருந்தினர்' வகை என்று குறிக்க இடம் இருக்கிறது. அந்தப் பக்கம் இணையம் போகும், வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதோடு, அக்சஸ் பொயின்ற் முறையில் யாராவது இரண்டாவது வயரையும் அதே இரண்டு பெட்டிக்கு நடுவில் செருகிவிட்டால் வளையம் உண்டாகி, தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி, மலிவான பெட்டிகளில் முழு வீடும் விழுந்துவிடும்.

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது, அதனால்தான் விடாமல் கதைக்கிறேன். பழைய ரவுட்டர்கள் மூன்றில் கொம்பனியின் மென்பொருளுக்குப் பதிலாக ஓபன் டபிள்யூ.ஆர்.டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அதில் எச்.என்.சி.பியைச் செயற்படுத்தும் எச்நெட்-டி மென்பொருளைப் போட்டேன். மூன்றையும் முக்கோணமாக வயரால் இணைத்தேன். எந்த முகவரியையும் நான் தட்டச்சு செய்யவில்லை. அவை 10இல் தொடங்கும் முகவரிகளைத் தாங்களே எடுத்து, ஒவ்வொரு வயருக்கும் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டன. இணையக் கொம்பனி ஐ.பி.வி6 என்ற புதிய, நீண்ட முகவரி முறையைத் தராவிட்டாலும் அது நடக்கும்.

பிறகு அம்மா சித்தியோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது, சொல்லிவிட்டே, ஒரு வயரை இழுத்தேன். சித்தியின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தி மறுபடி கதைக்கத் தொடங்கிவிட்டா. ரவுட்டர்கள் மற்றச் சுற்றுவழியைப் பிடித்துவிட்டன. அந்த வழியைத் தேடுவது பேபல் என்ற நெறிமுறை. ஜூலியுஸ் க்ரோபோசெக் முதலில் 2011இல் ஆர்.எஃப்.சி 6126 ஆகக் கொண்டுவந்தது, இப்போதைய வடிவம் 2021 ஜனவரியின் ஆர்.எஃப்.சி 8966. அண்ணை சொல்லும் முறையில் வீட்டை விழுத்துகிற அதே வளையம் இங்கே மாற்று வழியாக உதவுகிறது. கழற்றிய வயரை வேறொரு துளையில் செருகினேன், அதையும் ஏற்றுக்கொண்டது. ரீச்சர் கேட்டது இதைத்தான். இது கனவு இல்லை, என் மேசையில் ஓடியது.

மானிப்பாய் லைன்காரன்:

நான் வீடு வீடாகப் போய் லைன் திருத்துபவன். இரண்டு பேர் சொல்வதும் விளங்குகிறது. ஆனால் எனக்கு மறக்காதது ஒரு சி.ஆர். கொப்பி.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். வீட்டில் இரண்டு பெட்டி. எது எங்கே போகிறது என்று ஒவ்வொரு வயரையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, நீலம், மஞ்சள் என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம்தானே. அந்த நாட்களில் எழுதிய பக்கம் ஒன்று இருந்தது: "கரண்ட் வந்ததும் பின்பெட்டியின் சுவிச்சைப் போட வேண்டாம். முன்பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்த பின் போடவும்." கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. மனைவிக்கு விளங்க வேண்டும் என்று அப்படி எழுதினாராம்.

நான் போனது மின்னலில் முன்பெட்டி கருகிய பிறகு. கொம்பனி வேறு மாதிரிப் பெட்டி கொடுத்திருந்தது. அதில் போர்ட்டுகளின் நிறம் வேறு, முகவரி வேறு, மாற்றவும் விடாது, அட்மின் கொம்பனியின் கையில். சேர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு புதுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு ஒழுங்காக எழுதிய மனிதர். அந்தக் கொப்பியில் ஒரு பக்கம்கூட இனி உதவாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எச்.என்.சி.பியில் எது முதலில் எழும்புகிறது என்பது பொருட்டே இல்லை. எந்த வரிசையில் வந்தாலும் தங்களுக்குள் நிலைமையை ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளும். முன்பு பிரித்த முகவரிகளைக் கரண்ட் போனாலும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆர்.எஃப்.சி 7788 ஆவணமே பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் செய்ய வேண்டிய வேலையை அந்த மனிதர் பேனையால் செய்துகொண்டிருந்தார்.

சாவகச்சேரி அம்மா:

என் மகளுக்கு ஒன்லைன் பரீட்சை. ஃபைபர் போனால் என்ன செய்வது என்று சிம் போடும் ரவுட்டரையும் வாங்கி வைத்தோம். பரீட்சைக்கு நடுவில் லொறி ஒன்று ஒழுங்கை வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சிம் ரவுட்டர் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கிறது, ஆனால் லப்டொப் ஃபைபர் வைஃபையை விடவேயில்லை, அதன் சிக்னல் முழுதாக இருந்ததால். மகள் வைஃபையை மாற்றி மறுபடி உள்நுழையும்போது அவள் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். இரண்டு இணைப்புக்கும் காசு கட்டுகிறோம். பிறகு ஏன் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது?

பருத்தித்துறைப் பொடியன்:

அக்கா, ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வருவதை ஹோம்நெட் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தது. ஐ.பி.வி6இல் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் முகவரி கிடைக்கும். எந்த முகவரியிலிருந்து புறப்பட்டதோ அந்தக் கொம்பனி வழியாகவே வெளியே அனுப்புவதற்கான பேபல் விரிவு 2021 ஓகஸ்டில் ஆர்.எஃப்.சி 9079 ஆக வந்தது. ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் அமர்வு அறுபடாது என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் மகள் வைஃபையைக் கையால் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

நெட்வேர்க் அண்ணை:

தம்பி, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியைக் கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடையில் வாங்குவது? ஓபன் டபிள்யூ.ஆர்.டி ஏற்ற எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவரைக்கும் சனத்துக்கு மெஷ் செட், அதாவது சேர்ந்து ஒரே வைஃபை பரப்பும் பெட்டிகள், வாங்கச் சொல்லுங்கள். வேறு வேறு கொம்பனிகளின் மெஷ் பெட்டிகளைச் சேர்த்து ஓடவைக்கும் ஈசிமெஷ் 2018இலிருந்து இருக்கிறது, அதுவும் பொதுத் தரநிலைதான்.

மானிப்பாய் லைன்காரன்:

ஈசிமெஷ் நல்லது, நானும் பூட்டுகிறேன். ஆனால் அது ஒரு வலைக்குள் வைஃபைப் பெட்டிகளை ஒழுங்குபடுத்துவது. கொம்பனிப் பெட்டிக்கும் மெஷ் செட்டுக்கும் நடுவில் இருக்கும் பிளவை அது மூடாது. மெஷ்ஷைத் தனி வலை போடும் ரவுட்டர் மோடில் வைத்தால் கொக்குவில் பிரிண்டர் கதைதான் திரும்ப வரும்.

கடையில் கிடைக்காததற்குக் கடைக்காரர் என்ன செய்வார்? கொம்பனிகள் ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுக்கும் பெட்டிகளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் அந்தக் கொம்பனிகளும் அவர்களுக்குக் காசு கட்டும் நாங்களும்தான். எச்.என்.சி.பி என்று கவுண்டரில் போய்க் கேட்டால் விளங்காது. ஆனால் ஒன்றைக் கேட்கலாம்: வீட்டுக்கு ஐ.பி.வி6 முகவரித் தொகுதி எவ்வளவு தருகிறீர்கள் என்று. அதன் அளவை ஒரு எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் தொகுதி பெரிது. ஒற்றை 64 தந்தால் வழமையான முறையில் ஒரு வலைக்கு மட்டும்தான் காணும். 56 தந்தால் 256 வலைகளுக்குப் பிரிக்கலாம். பெரும்பாலும் வீடுகளுக்கும் ஒற்றை 64ஐ விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 2011இலேயே ஆர்.எஃப்.சி 6177 சொல்லியிருக்கிறது. அது கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல ரவுட்டர் வாங்கினாலும் ஐ.பி.வி6இல் பிரித்துக்கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது.

உங்கள் பெட்டியின் நிலைப் பக்கத்தில் ஐ.பி.வி6 முன்னொட்டு என்று ஒரு வரி இருந்தால், அதன் கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு என்ன எண் என்று பாருங்கள். ஊர்ப் பெயரையும் அந்த எண்ணையும் மட்டும் போடுங்கள், முழு முகவரியைப் போட வேண்டாம். மானிப்பாயில் நான் பார்த்த பெட்டிகளில் 64.