எளிதில் எரியும் தலைத்தோலுக்கு வீட்டிலேயே சாயம் பூசலாமா?

திருத்துறைப்பூண்டி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 51 வயதாகிறது. வரும் தை மாதத்தில் மகனுக்குத் திருமணம். முன்நெற்றியிலும் வகிட்டிலும் நரை நன்றாகத் தெரிகிறது. என் தலைத்தோல் மிகவும் மென்மையானது. சீயக்காய்த் தூள் சற்றுக் கரகரப்பாக இருந்தாலே சிவந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் டை அடித்தபோது அரிப்பும் எரிச்சலும் உண்டாகி மிகவும் அவதிப்பட்டேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. இப்போது அம்மோனியா இல்லாத டை என்று கடையில் எடுத்துக் காட்டுகிறார்கள். அது எனக்குப் பொருந்துமா, வீட்டிலேயே பூசிக்கொள்ளலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மன்னார்குடி அழகுக்கலைஞர்:

வணக்கம் அம்மா. மன்னார்குடியில் 18 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்துகிறேன். தலை எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் என்னிடம் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே சாயம் பூசி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் செய்வதும் தவறில்லை. ஆனால் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு மதியம் டை அடிப்பது, சிக்கெடுக்கிறேன் என்று சீப்பால் மண்டையைக் கீறிவிட்டு அதன்மேலேயே கலவையை வைப்பது ஆகிய இரண்டையும் விட்டுவிட வேண்டும். பூசுவதற்கு முந்தைய நாள் முழுவதும் தலைக்குக் குளிக்காதீர்கள். தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் உங்களுக்கு முதல் காவல். நெற்றி ஓரம், காது மடல், பிடரி ஆகிய இடங்களில் வாசலினோ கெட்டியான தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். டையோடு கலப்பதற்கு உடன் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 9, 12 என்று அழகு நிலையங்களில் பயன்படுத்தும் அளவு உங்கள் தலைக்கு வேண்டாம். உலோகக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். நிறம் கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று பெட்டியில் குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூட வைத்திருக்காதீர்கள். இவ்வளவும் கவனித்தால் அம்மோனியா இல்லாத டை உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது என் கருத்து.

திருவையாறு அவுரி விவசாயி:

நான் இதை ஏற்கவில்லை. ஒரு முறை சுட்ட தலையில் மறுபடியும் அதே இரசாயனத்தைப் பூசச் சொல்வது என்ன நியாயம்? நம் வீட்டு வேலியில் மருதாணி நிற்கிறது. அதன் இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் முடியின் புரதத்தோடு தானாகவே பிணைந்துகொள்கிறது. அதற்கு அம்மோனியாவும் வேண்டாம், பெராக்சைடும் வேண்டாம். மருதாணி தரும் செம்மையின் மேல் நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியைப் பூசினால் கருமை வந்துவிடும். என் தாயார் இப்படித்தான் பூசிக்கொண்டார். 70 வயதிலும் அவர் தலையில் ஒரு புண் வந்ததில்லை. வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் கரிசலாங்கண்ணி தானாக முளைத்துக் கிடக்கும் ஊரில் பிறந்துவிட்டு, பெட்டியில் அடைத்ததை ஏன் தேடிப் போக வேண்டும்?

மன்னார்குடி அழகுக்கலைஞர்:

ஐயா, மருதாணியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரிசலாங்கண்ணி நரையைக் கருப்பாக்காது. எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் குளிர்ச்சி கிடைக்கலாம், வந்த நரை வந்ததுதான். மருதாணியை இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் மூன்று மணி நேரம் தலையில் சுமந்து, கழுவி, பிறகு அவுரியைக் குழைத்து மேலும் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சளித்தொல்லை உள்ள ஒருவரை அரைநாள் ஈரத் தலையோடு உட்காரச் சொல்வீர்களா? போதாததற்கு மருதாணியில் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்கிறார்கள். மென்மையான தோலுக்கு அந்தப் புளிப்பே எரிச்சலைத் தரும். இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

மயிலாடுதுறை மருந்தாளுநர்:

இருவரும் இரு வேறு தொல்லைகளை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சற்று விரிவாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயம் தலையில் இருக்கும்போதே எரிந்து, கழுவிய சில மணி நேரத்தில் அடங்கிவிட்டால் அது வெறும் எரிச்சல். அம்மோனியா, பெராக்சைடு, சீப்புக் கீறல் போன்றவை அதற்குக் காரணம் ஆகலாம். அழகுக்கலைஞர் சொன்ன கவனங்கள் எல்லாம் அதற்குப் பொருந்தும். ஒவ்வாமை என்பது வேறு. அது உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்வது. பூசிய அன்று பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். மறுநாளோ மூன்றாம் நாளோ அரிப்பும் வீக்கமும் கிளம்பும். தலைத்தோல் தடிமனானது என்பதால், தலையைவிட இமை, காது, நெற்றி ஓரம், பிடரி ஆகிய மெல்லிய இடங்களிலேயே அது அதிகமாகத் தெரியும்.

இந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது அம்மோனியா அன்று. பாரா-ஃபீனைலீன்டையமீன், சுருக்கமாகப் பிபிடி என்ற நிறப்பொருள்தான் அது. கருமையான நிரந்தரச் சாயங்களில் நிறம் தருவது பெரும்பாலும் இதுவோ இதன் இனத்தைச் சேர்ந்த பொருளோதான். அம்மோனியாவின் முக்கிய வேலை முடியின் மேற்செதிலைத் திறந்துவிடுவதுதான். அம்மோனியா இல்லாத டையில் அந்த வேலையை மோனோஎத்தனாலமீன் போன்ற வேறொரு காரம் செய்கிறது. அது எளிதில் ஆவியாகாததால் மூக்கைத் துளைக்கும் நெடி இராது. ஆனால் பிபிடி அப்படியே இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கலந்த பிறகு 2 விழுக்காட்டுக்கு மேல் பிபிடி இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வாமை ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அந்த வரம்பு காப்பு ஆகாது. மிகச் சிறிய அளவே போதும்.

நம் நாட்டில் மருந்துகள், அழகுப்பொருட்கள் விதிகளிலேயே பிபிடி கலந்த சாயத்தின் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும், உள்ளுறையிலும் வெளியுறையிலும் அது இருக்க வேண்டும். புருவத்திலும் இமை முடியிலும் பூசினால் பார்வை போகலாம் என்பதும் அந்த வாசகத்தில் உண்டு. காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவி, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் சொல்லப்பட்டதுதான். என் அழுத்தமான கருத்து, 24 மணி நேரம் போதாது என்பது. தோல் மருத்துவமனைகளில், பொருளைத் தோலில் ஒட்டி வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையை இரண்டாம் நாளில் ஒரு முறையும், மூன்றாம் அல்லது நான்காம் நாளில் மறுமுறையும் பார்க்கிறார்கள். தாமதமாகக் கிளம்பும் ஒவ்வாமையை ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முடியாது.

ஆசிரியை அவர்களிடம் இரண்டு கேள்விகள். அன்று தொல்லை எப்போது தொடங்கியது, முகத்தில் எங்கேயாவது வீங்கியதா? அதற்கு முன் எப்போதாவது திருமண வீட்டில் கருப்பு மெஹந்தி வைத்துக்கொண்டது உண்டா?

மன்னார்குடி அழகுக்கலைஞர்:

மருந்தாளுநர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நடைமுறையையும் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு நாள் காத்திருந்து திரும்பி வரச் சொன்னால் பத்துப் பேரில் இருவர்தான் வருகிறார்கள். தோலில் வைத்துப் பார்க்கும் சோதனையே புதிதாக ஒவ்வாமையைத் தொடங்கி வைத்துவிடுமோ என்ற அச்சமும் எங்கள் தொழிலில் உண்டு.

மயிலாடுதுறை மருந்தாளுநர்:

அந்த அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பட்டாணி அளவு தொட்டு வைப்பதற்குப் பயந்து, அதே பொருளைத் தலை முழுவதும் அரை மணி நேரம் பூசிக்கொள்வது பாதுகாப்பு ஆகுமா? ஒரு முறை வீக்கம் வந்தவர்கள் மட்டும் வீட்டுச் சோதனையே செய்யக் கூடாது. அவர்களுக்கு மருத்துவமனையில் வாசலின் போன்ற களிம்பில் 1 விழுக்காடு பிபிடி கலந்து முதுகில் ஒட்டிப் பார்ப்பதே முறை.

திருத்துறைப்பூண்டி ஆசிரியை:

உங்கள் கேள்விகளைப் படித்ததும் அன்று நடந்ததை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை பூசினேன். அன்று இரவு இலேசான அரிப்பு மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்தபோது இரண்டு இமைகளும் தடித்து, கண்ணைப் பாதிதான் திறக்க முடிந்தது. காது மடலில் நீர் கசிந்தது. பள்ளிக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். எல்லாவற்றையும் எரிச்சல் என்ற ஒரே சொல்லில் அடக்கி முதலில் எழுதிவிட்டது என் பிழைதான்.

இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு கும்பகோணத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்தில் கருப்பு மெஹந்தி வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தது. பத்து நாட்களுக்குப் பிறகு அந்தக் கோலம் போட்ட இடம் மட்டும் தடித்துக் கொப்புளித்தது. பூச்சிக்கடி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருவையாற்று ஐயா மன்னிக்க வேண்டும். அன்று நான் தலையில் பூசியது டை என்று எழுதிய பெட்டியன்று. கருப்பு மருதாணி என்று எழுதியிருந்த பொட்டலம். மூலிகை என்று நம்பித்தான் வாங்கினேன்.

மயிலாடுதுறை மருந்தாளுநர்:

அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது எரிச்சல் இல்லை, ஒவ்வாமை என்றே தோன்றுகிறது. அந்த மெஹந்தியில்தான் பிபிடி உங்கள் உடலுக்கு முதலில் அறிமுகமாகியிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கொப்புளித்தது அதற்குப் பொருந்தி வருகிறது. அடுத்த முறை உடல் காத்திருக்கவில்லை, இரண்டே நாளில் வீங்கியது. மூன்றாவது முறை இதைவிடக் கடுமையாக வரலாம். எனவே அம்மோனியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிபிடி உள்ள எதையும் இனித் தலையில் வைக்காதீர்கள். டொலுயீன் டையமீன் என்று எழுதியிருப்பதும் அதன் நெருங்கிய உறவுதான். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் பலருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்வதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு முறை சென்று வாருங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் உள்ள பென்சோகெய்னும் சல்ஃபா வகை மருந்துகளும் பிபிடி ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு என்பதால், இதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எப்போதாவது உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மன்னார்குடி அழகுக்கலைஞர்:

ஆசிரியை அம்மா, என் முதல் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று நான் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வழிமுறை சொல்லிவிட்டேன், அது தவறு. இனி என்னிடம் வருபவர்களிடம் இமை வீங்கியதா என்று கேட்காமல் தூரிகையை எடுக்க மாட்டேன். கருப்பு மெஹந்திக் கூம்பையும் நிலையத்தில் வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் வெறும் எரிச்சல் மட்டும் உள்ளவர்களுக்கு நான் சொன்ன முறை சரி என்ற கருத்தில் மாற்றம் இல்லை. எல்லோரையும் மருதாணிக்கு அனுப்பத் தேவையில்லை. திருமண நாளுக்கு மட்டும் என்றால், முடியின் மேல் ஒட்டி அடுத்த குளியலில் போய்விடும் தற்காலிகப் பூச்சுகள் இருக்கின்றன. அவற்றிலும் உறையில் உள்ள பொருட்களின் பெயர்களை மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

பாபநாசம் ஓய்வூதியர்:

நரையோடு மணமேடையில் நிற்பதில் என்ன குறை? என் மனைவி எங்கள் மகள் திருமணத்தில் அப்படித்தான் நின்றாள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு கருமை வேண்டாம் அம்மா.

திருவையாறு அவுரி விவசாயி:

கருப்பு மருதாணி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு மனம் பதறிவிட்டது. நான் மருதாணி பூசுங்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு யாரேனும் இன்றைக்கே கடைக்குப் போய் அந்தப் பொட்டலத்தை வாங்கியிருந்தால் அந்தப் பழி என்னைச் சேரும். எனவே தெளிவாகச் சொல்கிறேன்: மருதாணி மட்டும் ஒருபோதும் கருப்பாகப் பிடிக்காது. நரைமுடியில் அது செம்பட்டையாகத்தான் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கருப்பாக்கும் பொடி எதுவாயினும், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது.

ஆனாலும் இலையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலியில் பறித்து நிழலில் உலர்த்தி அரைத்த மருதாணியில் எலுமிச்சையே வேண்டாம். ஆறிய தேயிலை வடிநீர் போதும், இரும்புக் கடாயில் ஊற வைத்தால் தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நிறம் இன்னும் ஆழமாகும். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குழைத்துக் கால் மணி நேரத்திலேயே பூசிவிட வேண்டும். வைத்திருந்தால் காற்றுப் பட்டு வீணாகிவிடும். கழுவியவுடன் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் கருமை ஏறும். அன்று ஷாம்பு மட்டும் போடாதீர்கள்.

மயிலாடுதுறை மருந்தாளுநர்:

தூய இலை என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவுரிக்கும் மருதாணிக்கும் ஒவ்வாமை அரிதாக வரக்கூடும். எனவே இவற்றையும் தனித்தனியாக முன்கையில் வைத்து மூன்று நாள் பார்த்த பிறகே தலைக்குப் போக வேண்டும். அதுவும் மருத்துவரைப் பார்த்த பிறகு.

திருத்துறைப்பூண்டி ஆசிரியை:

வரும் வியாழக்கிழமை தஞ்சாவூருக்குப் போகிறேன். கடையில் எடுத்து வைக்கச் சொன்ன டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருத்துவர் சரி என்று சொன்னால், எங்கள் கொல்லை வேலி மருதாணியை இடது கையிலும் அவுரியை வலது கையிலும் வைத்துப் பார்ப்பேன். அவுரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செம்பட்டை முடியோடு பூ வைத்துக்கொண்டு நிற்பேன். மருதாணியும் ஆகாது என்றால் பாபநாசத்து ஐயா சொன்னதுபோல் நரையோடு நிற்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

மருமகளாக வரப்போகும் பெண்ணிடமும் நேற்றே பேசிவிட்டேன். அவள் கைக்குக் கடைக் கூம்பு வேண்டாம். திருமணத்துக்கு முந்தைய நாள் எங்கள் வேலி இலையைப் பறித்து, அம்மியில் நானே அரைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். திருவையாற்று ஐயா, கலப்பில்லாத அவுரிப் பொடி கால் கிலோ எனக்கு வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் கிடைத்தால் சோதனைக்குப் போதிய நாள் இருக்கும்.