பாதி விலைக்கு வாங்கின கீ: உங்களுக்கு என்ன ஆச்சு?

சேவ்பாயிண்ட்

மக்களே, முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்க.

தம்பிக்குப் பரீட்சை முடிஞ்சது. ரொம்ப நாளா ஒரு ஆர்.பி.ஜி. கேம் (கதைல ஒரு பாத்திரமா மாறி ஆடுறது) கேட்டுக்கிட்டே இருந்தான். கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல முழு விலை. தேடிப் பார்த்தா கீ, அதாவது ஸ்டீம்ல போட்டா கேமைத் திறந்துவிடுற கோடு, விக்கிற ஒரு சந்தைத் தளத்துல அதே கேம் பாதிக்கும் கீழ. விக்கிறது அந்தத் தளம் இல்ல, உள்ள ஆளாளுக்குக் கடை போட்டிருக்காங்க, அதுல ஒருத்தர். பேருக்குப் பக்கத்துல 98 சதவீதம் நல்ல ரேட்டிங், பச்சைக் கலர்ல. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

பணம் கட்டுற பக்கத்துக்குப் போனதும் விலை மெல்ல ஏறுச்சு. சேவைக் கட்டணம்னு கொஞ்சம், கார்டுக்குக் கொஞ்சம். அதுக்குக் கீழ 'வாங்குபவர் பாதுகாப்பு'ன்னு ஒரு கட்டம், டிக் ஏற்கெனவே போட்டு ரெடியா இருந்துச்சு. காசு கொடுத்தா பொருள் வரும்னு உறுதி சொல்றதுக்குத் தனியா காசு! டிக்கை எடுத்துட்டுப் பெரிய புத்திசாலி மாதிரி சிரிச்சுக்கிட்டேன்.

ரெண்டு நிமிஷத்துல கீ வந்துச்சு, ஆக்டிவேட்டும் ஆச்சு. தம்பி குதிச்சான். நான் தளத்துல அஞ்சு ஸ்டார் போட்டேன்.

23 நாள் கழிச்சு ஒரு காலையில எழுப்பி, "அண்ணா, கேமைக் காணோம்"னான். இன்ஸ்டால் பண்ணது போயிருக்கும்னு பார்த்தா லைப்ரரில பேரே இல்ல. ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுதினேன். கேமை வெளியிட்டவங்களே அந்தக் கீயை ரத்து பண்ணிட்டாங்க, வாங்கின இடத்துல கேளுங்கன்னு பதில். ரீஃபண்ட் கேட்கவும் வழியில்ல. ஸ்டீமோட 14 நாள், 2 மணி நேர விதியெல்லாம் ஸ்டீம்ல வாங்கினதுக்குத்தான், வெளியில வாங்கின கீக்குக் கிடையாது.

விக்கிறவர்கிட்ட கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாங்கின அன்னைக்கு வேலை செஞ்சுதா?" செஞ்சுதுன்னு நான் சொன்ன நொடியில கேஸ் முடிஞ்சுடுச்சு. என்னோட அஞ்சு ஸ்டாரையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அத்தாட்சியா அனுப்பினார்.

தம்பி 40 மணி நேரம் ஆடியிருந்தான். அதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

பழைய_ஜாய்ஸ்டிக்

உங்க அளவுக்கு அழ வேண்டிய கதை இல்ல தம்பி, என்னோடது சிரிக்கிற கதை.

எனக்கு வந்த கீ எழுத்தா வரல, போட்டோவா வந்துச்சு. யாரோ கேம் பெட்டியைப் பிரிச்சு, உள்ள இருந்த சீட்டை மேஜை மேல வச்சு, கை நடுங்க எடுத்த படம். அஞ்சு அஞ்சா மூணு தொகுதி, 15 எழுத்து. ரெண்டாவது தொகுதில ஒரு எழுத்து 'பி'யா இல்ல 8ஆன்னு கண்டுபிடிக்க முடியல. மூணாவதுல 'ஓ'வா பூஜ்யமான்னு இன்னொரு சந்தேகம். மாத்தி மாத்திப் போட்டேன். கொஞ்ச நேரத்துல ஸ்டீமே கடுப்பாகி, ரொம்பத் தடவை முயற்சி பண்ணிட்டீங்க, அப்புறமா வாங்கன்னுடுச்சு. ஒரு மணி நேரம் உக்காந்து சுவரைப் பார்த்தேன்.

கடைசில 8 தான். இன்னைக்கு வரைக்கும் அந்த கேம் என்கிட்ட இருக்கு. பெட்டில வந்த கீயை மலிவான நாட்டுல வாங்கி, போட்டோ எடுத்து வேற நாட்டுக்காரனுக்கு விக்கிறது அவங்க பிழைப்பு. திருட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெளியிட்டவன் ஒத்துக்கிட்ட வழியும் இல்ல. 'சாம்பல் சந்தை'ன்னு பேர் வச்சவன் சரியாத்தான் வச்சிருக்கான், கறுப்பும் இல்ல வெள்ளையும் இல்ல.

பிக்சல்காரி

நான் ரெண்டு தடவை மாட்டினேன். முதல் தடவை தப்பு என் மேலதான். பட்டியல்ல சின்ன எழுத்துல எந்தப் பிரதேசத்துக்கான கீன்னு போட்டிருந்தது, நான் படிக்கல. வி.பி.என். (நாம எந்த ஊர்ல இருக்கோம்னு மறைக்கிற மென்பொருள்) போட்டு ஆக்டிவேட் பண்ணுங்கன்னு விக்கிறவரே ஐடியா கொடுத்தார். பண்ணேன், கேம் வந்துச்சு. திறந்தா மெனு முழுக்க ரஷ்ய மொழி, மாத்த வழியே இல்ல, அந்தப் பதிப்பே அப்படித்தானாம். மூணு நாள் பொம்மையைப் பார்த்து பட்டன் அமுக்கினேன். அப்புறம்தான் உறைச்சுது, வி.பி.என். போட்டு ஊரை மறைச்சு வாங்கறது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கே விரோதம், அதுல என் மொத்த அக்கவுண்டையும் பணயம் வச்சிருக்கேன்னு.

ரெண்டாவதுதான் பெரிய கூத்து. கீன்னு நினைச்சு வாங்கினா, ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வந்துச்சு. "இதுல லாகின் பண்ணி டவுன்லோட் போடுங்க, ஆஃப்லைன் மோடுக்கு மாறிடுங்க, பாஸ்வேர்டை மாத்தாதீங்க"ன்னு ஒரு குறிப்பு. ஒரே அக்கவுண்டை எத்தனை பேருக்கு வித்திருக்காரோ! நண்பர்கள் பட்டியலைத் திறந்தேன். யாரோ ஒரு நிஜ மனுஷனுக்கு அவனோட ஃப்ரெண்ட் அனுப்பின மெசேஜ் கிடந்துச்சு: "எங்கடா போன, ரெண்டு மாசமா ஆளையே காணோம்." அதைப் படிச்சதும் எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. அது விக்கறதுக்காக உருவாக்கின அக்கவுண்ட் இல்ல, யாரோ பறிகொடுத்தது. உடனே லாகவுட் பண்ணிட்டு, தெரிஞ்ச விவரத்தை ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். காசு போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

மொட்டைமாடி

எல்லாரும் திட்டுங்க, பரவாயில்ல. நான் இதுவரைக்கும் நாப்பதுக்கு மேல கீ வாங்கியிருக்கேன், ரெண்டுதான் சொதப்புச்சு. ரெண்டையும் நஷ்டக் கணக்குல சேர்த்தாக்கூட எனக்கு லாபம்தான்.

'அஃபிஷியல், அஃபிஷியல்'னு சொல்றீங்களே, அதுல மட்டும் கேம் உங்க சொந்தமா? 'தி க்ரூ' கதை தெரியும்ல. 2014ல வந்த கேம். அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினாங்க, அப்புறம் முழு விலை கொடுத்தவங்க லைப்ரரில இருந்தும் உரிமத்தை எடுத்தாங்க. நீங்க வாங்கறது உரிமம் மட்டும்தான்னு 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீமே பணம் கட்டுற இடத்துல எழுதி வச்சிருக்கு. எப்படியும் வாடகை வீடுதானே தல, குறைஞ்ச வாடகைல இருந்துட்டுப் போறேன்.

கோடுகிறுக்கி

மொட்டைமாடி நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் மறுபக்கத்தில் இருந்தவன். நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்தோம்.

முதலில் ஒன்று: கீ என்பதே திருட்டுப் பொருள் அல்ல. டெவலப்பர் கேட்டால், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்டீம் கீயை இலவசமாகவே உருவாக்கித் தருகிறது. அதை நம் சொந்தத் தளத்தில் விற்றால் அதில் வால்வுக்குப் பங்குகூடக் கிடையாது. ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற இணையக் கடைகள் வெளியிடுபவரோடு ஒப்பந்தம் போட்டு நேராகக் கீ வாங்கி விற்கின்றன. ஆகவே "இது கீயா?" என்று கேட்டுப் பயனில்லை, "இந்தக் கீ யார் கையிலிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டும். சந்தைத் தளத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எங்கள் தளத்தில் நேரடி விற்பனை தொடங்கிய இரண்டாம் வாரம், ஒரே இரவில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆர்டர். நள்ளிரவில் நண்பனை எழுப்பி இருவரும் டீ போட்டுக் கொண்டாடினோம். சிரிக்காதீர்கள்.

ஐந்து வாரம் கழித்து வங்கியிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அத்தனையும் களவுபோன கார்டுகள். கார்டுக்குச் சொந்தக்காரர்கள் கணக்கைப் பார்த்து, "இதை நான் வாங்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். பணம் போனதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் எங்கள் தலையில் அபராதக் கட்டணம் வேறு. எங்கள் கேமின் விலையைவிட அந்தக் கட்டணம் அதிகம். அதாவது திருடன் வாங்கிய ஒவ்வொரு பிரதிக்கும் நாங்கள் கைக்காசு போட்டோம்.

அந்தக் கீகள் அதற்குள் சந்தையில் பாதி விலைக்குப் போய்விட்டன. திருடனுக்குப் பாதி விலையே முழு லாபம், அவன் முதலே போடவில்லையே. சேவ்பாயிண்ட் நண்பரே, உங்கள் 23 நாள் கணக்கு எனக்குப் புரிகிறது. கார்டுக்காரருக்குக் கணக்கு விவரம் போய், அவர் புகார் செய்து, வங்கி விசாரித்து, வெளியிட்டவர்களுக்குத் தகவல் வர அவ்வளவு நாள் பிடித்திருக்கும். கீ 'வேலை செய்தது' என்பதற்கு அந்த இடைவெளி மட்டும்தான் பொருள்.

நாங்கள் கீகளை ரத்து செய்தோம். மறுநாள் காலை எங்களுக்கு வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. திட்டியவர்கள் யாரும் திருடர்கள் இல்லை, உங்களைப் போல் காசு கொடுத்தவர்கள். விமர்சனப் பகுதியிலும் கொட்டினார்கள். கீ மூலம் வந்தவர்களின் விமர்சனத்தை 2016 முதல் ஸ்டீம் மதிப்பெண் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் மதிப்பெண் தப்பித்தது, எங்கள் தூக்கம் தப்பவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. கேம் வெளியாகும் வாரத்தில், "எனக்கு யூடியூப் சேனல் இருக்கிறது, ரசிகர்களுக்குப் பரிசளிக்க ஐந்து கீ வேண்டும்" என்று மின்னஞ்சல்கள் குவியும். சேனல் உண்மையானது, மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். நாங்கள் ஒருவருக்கு அனுப்பினோம். மாலையே ஐந்தும் சந்தையில் வரிசையாக இருந்தன.

இது எங்கள் அழுகை மட்டும் அல்ல. 2015 ஜனவரியில் 'ஃபார் க்ரை 4' உள்ளிட்ட கேம்களின் கீகளை யூபிசாஃப்ட் ரத்து செய்தது, மோசடிக் கார்டுகளில் வாங்கப்பட்டவை என்று. கூச்சல் கிளம்பியதும், ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து ஆடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனத்தால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது.

'ஃபாக்டோரியோ' செய்த வூப் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. அந்த கேமுக்குத் தள்ளுபடியே கிடையாது, அது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்ட கேமின் கீ சந்தையில் மலிவாகக் கிடந்தால் அது எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். திருட்டுக் கீ விற்றதாக நிரூபித்தால் சார்ஜ்பேக் இழப்பைப் போல் பத்து மடங்கு தருகிறோம் என்று 2019ல் ஜி2ஏ என்ற கீ சந்தைத் தளம் சவால் விட்டது. அதே மாதம், திருட்டுக் கீ விற்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று சொல்லும் கட்டுரையை, விளம்பரம் என்று குறிப்பிடாமல் போடச் சொல்லிப் பத்திரிகையாளர்களுக்கு அவர்கள் தரப்பிலிருந்து மின்னஞ்சல் போனதும் அம்பலமானது. சவாலை வூப் ஏற்றது. கடைசியில் 2020 மே மாதம், 2016ல் தன் சந்தையில் 198 திருட்டுக் கீகள் விற்றதை ஜி2ஏ ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கட்டியது. வகுத்துப் பாருங்கள், கீ ஒன்றுக்கு 200 டாலர்.

கேம் வெளியிடும் நோ மோர் ரோபோட்ஸ் நிறுவனத்தின் மைக் ரோஸ் 2019ல், ஜி2ஏவில் வாங்குவதற்குப் பதில் எங்கள் கேமைத் திருட்டுத்தனமாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள் என்றார். வெளியிலிருந்து பார்த்தால் கோபத்தில் சொன்னது போல இருக்கும். அபராதக் கட்டணம் கட்டியவனுக்கு அது வெறும் கூட்டல் கழித்தல்.

நடுராத்திரி

கோடுகிறுக்கி அண்ணா எழுதினதுக்கு மேல எனக்குச் சொல்ல அதிகம் இல்ல. ஒரு சின்ன விஷயம் மட்டும். 'இஸ்தேர்எனிடீல்'னு ஒரு தளம் இருக்கு. ஒப்பந்தம் உள்ள கடைகளோட விலையை மட்டும் பக்கத்துல பக்கத்துல காட்டும், இதுவரைக்கும் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னும் சொல்லும். நான் பாதி விலைன்னு ஆசைப்பட்டு சந்தைல வாங்கப் போன ஒரு கேம், கட்டணமெல்லாம் சேர்த்துப் பார்த்தா ஃபனாட்டிக்கல்ல அதைவிடக் கம்மியா இருந்துச்சு! எபிக்னு இன்னொரு கடைல வாராவாரம் சும்மா கொடுக்கிற கேமையே நான் இன்னும் ஆடி முடிக்கல.

வாடகை வீடு பிடிக்காதவங்களுக்கு ஜி.ஓ.ஜி.ன்னு ஒரு கடை இருக்கு மொட்டைமாடி. பூட்டு இல்லாத கேம், இன்ஸ்டாலரை எடுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டுக்கலாம். எந்த சர்வர் நின்னாலும் அது உங்ககிட்ட இருக்கும்.

மொட்டைமாடி

ஜி.ஓ.ஜி. பாயிண்ட் நியாயம். 'தி க்ரூ' பத்தி நான் சொன்னதையும் வாபஸ் வாங்க மாட்டேன்.

ஆனா அந்த அபராதக் கட்டணம் எனக்கு நிஜமாவே தெரியாது கோடுகிறுக்கி. பெரிய கம்பெனிக்கு ஒரு காபி காசு குறையுதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். என் நாப்பதுல சின்ன டீம் பண்ண கேம் எத்தனைன்னு லைப்ரரியைத் திறந்து எண்ணினேன். பதினேழு. உங்க கேம் பேரைத் தனியா அனுப்புங்க, அதுல இருக்கான்னு பார்க்கணும்.

கோடுகிறுக்கி

அனுப்பினேன். இருந்தாலும் சொல்லாதீர்கள், டீ ஆறிப்போகும்.

சேவ்பாயிண்ட்

சில பேர் தனியாக் கேட்டாங்க, அதனால மிச்சக் கதை.

சேவ் ஃபைல் (எதுவரைக்கும் ஆடினோம்னு வச்சிருக்கிற பதிவு) போகல. கேம்தான் லைப்ரரில இருந்து போச்சே தவிர, கம்ப்யூட்டர்ல சேவ் இருந்த ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு. பென் டிரைவ்ல எடுத்து வச்சோம். அடுத்த சேல் வந்தப்ப ஸ்டீம்லயே வாங்கினேன். முதல்ல சந்தைல கொடுத்ததையும் இதையும் கூட்டினா முழு விலையை விடக் கொஞ்சம் அதிகம். தம்பி பழைய சேவைத் திறந்தான், பாதி முடிச்ச குகைல விளக்கோட நின்னுட்டிருந்த அதே இடம்.

சந்தைத் தளத்தோட ஒரு மாசம் மல்லுக்கட்டினதுல பாதிப் பணம் திரும்பக் கொடுத்தாங்க. கார்டுக்கு இல்ல, அவங்க வாலட்டுக்கு. அதை வெளியில எடுக்க முடியாது. அதை வச்சு ஒண்ணே ஒண்ணுதான் செய்யலாம், அதே தளத்துல இன்னொரு கீ வாங்கலாம். இன்னும் அங்கதான் கிடக்கு. தம்பி வாரம் ஒரு தடவை வந்து, "அண்ணா, அந்தக் காசை என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டுட்டுப் போறான்.