கண்மாய் வண்டலின் மினுக்கம்: செரிசைட்டா, இல்லைட்டா?

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயில் எடுத்த வண்டலை விரலிடையே தேய்த்தால் பட்டுப்போல் மினுக்குகிறது. இதை ஒருவர் செரிசைட்டு என்றும், மற்றொருவர் இல்லைட்டு என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள். எதை ஏற்பது?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே தரத்துப் பெயர்கள் அல்ல, தம்பி. செரிசைட்டு என்பது நுண்துகளாக உள்ள வெண்மைக்காவுக்கு (வெளிர்நிற அபிரகத்துக்கு), பெரும்பாலும் மஸ்கோவைட்டு என்னும் பொட்டாசிய மைக்காவுக்கு, அதன் பட்டுப் பளபளப்பைக் கொண்டு இட்ட களப்பெயர். இல்லைட்டோ, 1937இல் கிரிம், பிரே, பிராட்லி ஆகிய மூவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் பெயரை ஒட்டி, களிமண்ணிலுள்ள மைக்கா போன்ற கனிமங்களுக்குப் பொதுவாக வைத்த பெயர்; மஸ்கோவைட்டைவிட இதன் அடுக்குகளுக்கிடையே பொட்டாசியம் குறைவு. 1998இல் வெளியான பன்னாட்டு மைக்கா பெயரிடல் அறிக்கையும் இதைத் தனிக் கனிமமாக அன்றி, நெருங்கிய கனிமங்கள் சேர்ந்த ஒரு தொடரின் பெயராகவே கொண்டது. எனக்கு அதுவே சரியெனப் படுகிறது.

மறுமொழி 2:
மினுக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்; சிதைந்த பயோட்டைட்டு என்னும் கருமைக்காவும் மினுக்கும். 2 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைப் பிரித்து எக்ஸ்-கதிர் சோதனைக்கு அனுப்புங்கள்; அது கனிம அடுக்குகளின் இடைவெளியை ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளக்கும். விரியும் களிமண்ணை விரியச் செய்யும் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தின் ஆவி பட்ட பின்னும் 10 ஆங்ஸ்ட்ராமில் நகராமல் நிற்பது இல்லைட்டு அல்லது மைக்கா. ஏறத்தாழ 17 ஆங்ஸ்ட்ராமுக்கு விரிவது ஸ்மெக்டைட்டு என்னும் வேறொரு களிமண் கனிமம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. முற்றத்தில் வாளியில் கரைத்து வைத்த வண்டல், எட்டு மணி நேரமாகியும் மேலே கலங்கலாகவே நிற்கிறது. நுண்துகள்கள் அதில்தான் மிதக்கும் என்பதால், அந்த மேல்நீரையே வடித்து அனுப்புகிறேன்.