தான்சானியாவில் வாழ்ந்தவர்கள், அங்கே போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பிரேசர் டவுனிலிருந்து எழுதுகிறேன். மிஷனரி ஊழியத்துக்காக என் தங்கை குடும்பம் மூன்று மாதங்களுக்கு முன்பு தான்சானியாவின் டொடோமாவுக்குக் குடிபெயர்ந்தது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி, பதத்தில் நம் ராகிக் களி போலத்தான். மொழிதான் வாட்டுகிறது. ஸ்வாஹிலியில் பொழுது விடிந்த பிறகே மணியை எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. மகளைப் பள்ளியில் சேர்க்க 'சா ம்பிலி'க்கு வரச்சொன்னதை மதியம் இரண்டு என்று எண்ணிப் போய் நின்றிருக்கிறாள் தங்கை. அவர்கள் சொன்னது காலை எட்டு. தொலைபேசியில் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அங்கே வாழ்ந்த தமிழர் யாராவது வாரம் ஒருமுறை அவளுடன் பேசி அன்றாட ஸ்வாஹிலி சொல்லித்தர முடியுமா? இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை; அந்த நேரம் அவளுக்கு வசதி.

இன்னொன்று. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகருக்குச் செல்பவர்கள் ஒரு சிறு பொட்டலம் கொண்டுபோக முடியுமா? ஒரு தமிழ் வேதாகமம், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், கொஞ்சம் ரசப்பொடி. இரண்டு கிலோவுக்குள்தான் வரும். உங்கள் கண்முன்னே பிரித்துக் காட்டிக் கட்டித்தருகிறேன். பாடநூல்தான் அவசரம். பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் 'ழ' வரும் இடமெல்லாம் 'ல' போட்டிருக்கிறாள் குழந்தை.