ஒப்புக்குச் சப்பாணி

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் காலிப்பர். ஒன்றரை வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார், கீழே கனமான ஷூ. முழங்கால் பக்கத்தில் ஒரு வளையம். நின்றதும் அதை இறக்கிவிட்டால் கால் மடங்காது. உட்கார வேண்டுமென்றால் மேலே தூக்க வேண்டும். வாத்தியார் வந்ததும் நாங்கள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்த பிறகுதான் 'டக்' என்று சத்தம் கேட்கும். அவன் அப்போதுதான் எழுந்து நின்றிருப்பான்.

சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ரன்னில் தோற்றோமே, அந்த 1987-ல் எங்களுக்குப் பத்து வயது. தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் கரியால் மூன்று கோடு, அதுதான் ஸ்டம்ப். அவன் அடிப்பான், ரன்னராக வேறு ஒருத்தன் ஓடுவான். ஆனால் அவனுக்கு அவுட் கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி. பொடிப்பிள்ளைகள் அழக்கூடாது என்று சேர்த்துக்கொள்வோமே, அந்தக் கணக்கு. சப்பாணி என்றால் என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் நான் போட்ட பந்து நேராகப் போய் நடுக்கோட்டில் பட்டது. "பரவாயில்லை, நீ ஆடு" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

மட்டையை வீசிவிட்டான். "அவுட்டுதானல? ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?"

அதோடு நாலு நாள் வரவில்லை. அவன் அம்மா கூப்பிட்டு, "என்னடா சண்டை?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் சண்டையே போடவில்லையே! அதுதான் அவன் கோபம் என்று அப்புறம்தான் விளங்கியது.

ஐந்தாம் நாள் வந்தான். இரண்டாவது பந்திலேயே போல்டு. "அவுட்!" என்று எல்லோரும் கத்தினோம், கொஞ்சம் பயத்தோடு.

"கோட்டுக்கு மேல போச்சு, நாட் அவுட்டு" என்றான்.

அன்றிலிருந்து அவனைவிடப் பெரிய அழுகுணி எங்கள் தெருவில் கிடையாது. ஒரு தடவைகூட ஒழுங்காக அவுட் வாங்கிக்கொண்டு போனதில்லை. என் சட்டையைக் கிழித்திருக்கிறான். நானும் அடித்திருக்கிறேன். காலிப்பர் காலால் ஓர் உதை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் கடைசியாக ஒருவரைத் தாக்கியது 2011 ஜனவரியில். என் மகளுக்குக் காலிப்பர் என்றால் படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருந்தது. அதே வருடம் அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட்டில் ரன்னர் வைப்பதையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவனே போன் செய்தான். "பார்த்தியா, என்னைத் தூக்கிட்டாங்க" என்று சிரித்தான்.

சரி, இப்போதாவது ஒத்துக்கொள், அந்த ஐந்தாம் நாள் பந்து கோட்டில் பட்டதுதானே என்றேன்.

"மேல போச்சுல" என்று போனை வைத்துவிட்டான்.