தோட்டத்து வீட்டுக் குழு: அப்பாரு (தாத்தா) அம்பாசிடர் கார்

வேலுச்சாமி: கொட்டகை காலியாக இருக்கிறது. கார் எங்கே?

சரோஜா: காலை வணக்கம். முருகன் துணை.

வேலுச்சாமி: சரோஜா, கார் எங்கே என்று கேட்டேன்.

கார்த்தி: சித்தப்பா எடுத்துக்கொண்டு போனார் அப்பா. விடியற்காலை லாரியில் ஏற்றினார்.

சண்முகம்: மறுபடியும் வாய்க்காலுக்கா?

நடராஜ்: சண்முகம், அது 1986. மழை நாள். அதை விடுங்கள். அண்ணா, கோபப்படாமல் படியுங்கள். கல்யாணத்துக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று நீங்களே சொன்னீர்கள். போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழுகிறது. லீவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலுக்கடியில் உதறல். இன்று பட்டறையில், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் பின்பக்கக் கிராஸை, அதாவது சாய்ந்து சுற்றவிடும் இணைப்பைக் கழற்றினோம். கப்புக்குள் இருந்த ஊசி பேரிங் அத்தனையும் துருத்தூளாக உள்ளங்கையில் கொட்டியது. கிரீஸ் அடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

வேலுச்சாமி: கேட்டுவிட்டாய்.

நடராஜ்: கோவையில் இசுசு என்ஜின் போட்ட 1800 அம்பாசிடர் ஒன்றைப் பிரித்திருக்கிறார்கள். அதன் 5 கியர் உள்ள பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சரோஜா: எவ்வளவு அண்ணா?

நடராஜ்: அதைப் பிறகு பேசுவோம்.

சண்முகம்: அப்படியென்றால் அதிகம்.

திவ்யா: அப்பா, நம்முடையது 1973 மார்க் 2. 1489 சிசி என்ஜின். அதில் இசுசு பெட்டி உட்காருமா?

நடராஜ்: நேராக உட்காராது. என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே லேத்தில் ஒரு அடாப்டர் தட்டு கடைய வேண்டும். கிளட்ச் தட்டின் பல்லும் புதுப் பெட்டிக்குப் பொருந்த வேண்டும். பெட்டியின் நீளம் வேறு என்பதால் பழைய ஷாஃப்ட் ஆகாது: முன்முனை இசுசுவுக்கு, பின்முனை நம் அச்சுக்கு, நடுக்குழாயை அளவுக்கு வெட்டிப் பற்றவைக்க வேண்டும். இதில்தான் ஆட்கள் தப்புச் செய்வார்கள். கிராஸ் சாய்ந்து சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஒரு முனையில் வரும் இந்த ஆட்டத்தை மறுமுனைக் கிராஸ் சரிக்கட்டும். அதற்கு ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் உதறும். அதனால் வெட்டுவதற்கு முன்பே சாக்பீஸால் நீளக் கோடு போட்டுவிட்டேன். இன்னொன்று...

சண்முகம்: சரி.

சரோஜா: தாம்பூலப் பை 400 போதுமா?

நடராஜ்: இன்னொன்று, இப்போது நாலாவது கியரில் என்ஜின் எத்தனை சுற்றோ ஷாஃப்டும் அத்தனை சுற்று. ஐந்தாவதில் என்ஜின் மெதுவாக ஓடும், ஷாஃப்ட் அதைவிட வேகமாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் சத்தமே இருக்காது.

வேலுச்சாமி: மண்டபம் உடுமலையில். 30 கிலோமீட்டர். ஊர்வலத்தில் மேளக்காரர்களுக்குப் பின்னால் போகும் வண்டிக்கு ஐந்தாவது கியர் எதற்கு?

சண்முகம்: நியாயம் மச்சான்.

நடராஜ்: கல்யாணத்தோடு முடிந்துவிடுமா? வால்பாறைக்குப் போகலாம்.

கார்த்தி: 40 கொண்டை ஊசி வளைவு சித்தப்பா. அங்கே மூன்றாவது கியரே அதிகம்.

சரோஜா: அது கிடக்கட்டும். கியர் லீவர் எங்கே வரும்?

நடராஜ்: தரையில். இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் லீவரையும் கம்பிகளையும் கழற்றிவிடலாம்.

சரோஜா: அப்படியென்றால் முன் சீட்டில் நடுவில் யார் உட்காருவது?

நடராஜ்: யாரும் உட்கார முடியாது. அந்த நீளச் சீட்டையே எடுத்துவிட்டு இரண்டு தனிச் சீட்டு போட்டால் அழகாக இருக்கும்.

சரோஜா: என் கல்யாணத்தன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்து போனேன். கியர் மாற்றும்போதெல்லாம் அப்பாவின் முழங்கை என் வளையலில் இடிக்கும். மண்டபம் போய்ச் சேர்வதற்குள் மூன்று வளையல் உடைந்தன. அழகாம் அழகு.

சண்முகம்: அந்த உடைந்த வளையலுக்கும் என்னைத்தான் திட்டினாய்.

அப்பத்தா: [குரல் செய்தி 0:47]

திவ்யா: அலுவலகத்தில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது சொல்லுங்கள்.

கார்த்தி: கியர் தரைக்கு வருகிறது என்றதும் காலால் போடும் கியர் என்று நினைத்துவிட்டார். "காலில் கியர் போட அது என்ன புல்லட்டா" என்று கேட்கிறார். மீதி 30 விநாடி சித்தப்பாவைப் பற்றி.

திவ்யா: அப்பா, ஒரு விஷயம். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடம் செல்லும், 'விஏ' எண் பலகை கிடைக்கும். ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, என்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அம்பாசிடரில் சேஸிஸ் தனியாகக் கிடையாது. லீவருக்காகத் தரையை வெட்டினால் பாடியை வெட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வேலுச்சாமி: கேட்டாயா நடராஜ்?

திவ்யா: அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது தவிர வேறு எதற்கும் சாலையில் எடுக்கக் கூடாது பெரியப்பா. கல்யாணத்துக்கும்.

சண்முகம்: கல்யாணமும் கண்காட்சிதானே.

நடராஜ்: எந்தப் பதிவாக இருந்தாலும் ஆர்சி முதலில் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31 ஆறு வருடமாக அண்ணன் பீரோவில் தூங்குகிறது.

சரோஜா: யார் பெயருக்கு?

சண்முகம்: நான் இதில் இல்லை.

வேலுச்சாமி: சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயா கார்த்தி?

கார்த்தி: கொடுத்துவிட்டேன் அப்பா. நீங்கள்தானே பணம் கொடுத்தீர்கள்.

நடராஜ்: [படம்]

நடராஜ்: ஷாஃப்ட் லேத்தில் ஏறிவிட்டது. வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், முனைக்கு முனை நேர். இன்னும் வெட்டவில்லை. மெக்கானிக் மூன்று மணிக்குத் தரையை வெட்டலாமா என்று கேட்கிறார். வேண்டாமென்றால் பழைய பெட்டியைப் பிரித்து இரண்டாவது கியரை மட்டும் சரி செய்து, இரண்டு கிராஸும் புதிதாகப் போட்டுக் கொடுப்பாராம். ஆனால் முன்பணம் திரும்பி வராது.

கார்த்தி: பழைய பெட்டியே போதும்.

சரோஜா: சீட்டைத் தொடாதீர்கள்.

சண்முகம்: முன்பணம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

நடராஜ்: அண்ணா, நீங்கள் சொல்லுங்கள்.

நடராஜ்: அண்ணா?

கார்த்தி: அப்பா கோவை பஸ் ஏறிவிட்டார் சித்தப்பா. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம். போகும்போது பீரோவைத் திறந்து ஏதோ காகிதம் எடுத்தார்.

சரோஜா: என்ன காகிதம்?

நடராஜ்: மணி 2:40. இவர் வெட்டும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சரோஜா: தாம்பூலப் பைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.